மூன்று கால் நிழல்

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் ஒரு தமிழ் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்து எனக்குப் பல வருடங்களாகிவிட்டன. எந்த வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தாலும் எதிர்ச் சுவரில் என் தோழி எடுத்த படம் மாட்டியிருக்கும். கூறைச்சேலையில் பொம்பிளை, தலைப்பாகையோடு மாப்பிளை, அவர்களைச் சுற்றி ஐஃபல் மேட்டுநிலத்தின் மஞ்சள் பூப்புதர்கள், வானம் தொடும் வரைக்கும். வீட்டுக்காரி பலகாரத் தட்டை நீட்டும்போது நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் புதர்கள் எந்தப் பாதையோரம் நிற்கின்றன, எப்போது பூக்கும், பின்னேர வெயில் எந்தப் பக்கத்தால் வந்து அவற்றின் மேல் விழும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தோழியை அங்கே கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டியதே நான்தான்.

"வடிவான படம், என்ன?" என்று வீட்டுக்காரி கேட்பாள்.

"ஓம், நல்ல வடிவு," என்று சொல்லிவிட்டு வடையைக் கடிப்பேன்.

பொறாமையைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. வயிறு எரியும், அவ்வளவுதான். அதிலும் அந்த எரிச்சலைக் கொட்டுவதற்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்காததுதான் பெரிய கரைச்சல். தோழி என்னை ஏமாற்றியதில்லை. என்னிடமிருந்து எதையும் பறித்ததில்லை. கண்டவுடன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு "அக்கா" என்பவள். ஆள் கொஞ்சமாவது கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

அவளும் புருஷனும் விழாக்களுக்குப் படம் எடுக்கிறவர்கள். அவர் வீடியோ, இவள் கமரா. எங்கள் சனத்தின் கல்யாண வீடு, சாமத்திய வீடு எது நடந்தாலும் இவர்கள்தான். விழா நடப்பது பெரும்பாலும் தொழிற்பேட்டை ஓரத்து மண்டபம் ஒன்றில். வெளியே கார்கள் நிற்கும் வெறும் தார்த்தரை, அதில் மழை. ஆனால் அல்பத்தைத் திறந்தால் பொம்பிளையும் மாப்பிளையும் மலை உச்சியில் நிற்பார்கள், புல்வெளியில் நடப்பார்கள். மண்டபத்தில் எடுத்த ஆட்களைக் கொம்பியூட்டரில் வெட்டி எடுத்து, வெளியில் எடுத்த நிலத்தின் மேல் ஒட்டுவார்கள். எங்கள் சனத்துக்கு அது வேண்டும். அது இல்லாத அல்பத்தை யாரும் அல்பம் என்று ஒத்துக்கொள்வதில்லை.

நான் வேறு வகை. ஒரு பேக்கரியில் காலை வேலை செய்கிறவள். மகள் படிக்கவென்று வீட்டை விட்டுப் போன பிறகு பின்னேரங்கள் நீண்டுவிட்டன. நகரத்து மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்து படமெடுக்கப் படித்தேன். படிப்பித்த ஜெர்மன் பெண்மணி, நிலத்தை எடுக்கிறவர் காத்திருக்கப் பழக வேண்டும் என்று சொன்னார். மேகம் விலகட்டும், காற்று நிற்கட்டும், நடந்து போகிறவர்கள் கடந்து போகட்டும், பிறகு எடுங்கள் என்றார். காத்திருப்பது எனக்குப் புதிதா என்ன? இந்த நாட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து ஏதோ ஒரு வாசலில் காத்திருந்து பழகியவள்தானே. அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். என் படங்களில் மனித வாடையே இருக்காது.

எனக்குக் கார் ஓட வராது. கணவர் உணவகச் சமையல்காரர், சனி ஞாயிறில் அவருக்கு வேலை. அவளுக்கோ கல்யாணங்கள் இல்லாத சனிக்கிழமைகளில் அல்பத்துக்கு நிலம் தேட வேண்டியிருந்தது. இடம் எனக்குத் தெரியும், கார் அவளிடம் இருந்தது. அப்படித்தான் இரண்டு பேரும் சேர்ந்து போகத் தொடங்கினோம்.

"இன்ரநெற்றிலை அருவியும் மலையும் சும்மா கிடக்குதே, அதை எடுத்துப் போட ஏலாதோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மற்ற ஆக்கள் அப்பிடித்தான் செய்யினம் அக்கா. என்ர அல்பத்திலை வாற புல்லு நான் மிதிச்ச புல்லாய் இருக்கோணும்," என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப் போனது. அதனால் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

ஐஃபலின் அந்த மேட்டுநிலத்தை முன்பு இராணுவம் பயிற்சிக்கு வைத்திருந்தது. இப்போது அது தேசியப் பூங்கா. வீடு இல்லை, வேலி இல்லை. ஏறி நின்றால் புல்லும் வானமும் மட்டும். வைகாசி கடைசியில் கின்ஸ்டர் என்கிற புதர் பூத்து மேடு முழுக்க மஞ்சளாகிவிடும். புரட்டாதியில் புல் பழுத்து, காட்டோரத்தில் ஆண்மான்கள் வந்து நின்று கத்தும். நான் மூன்று கால் ஸ்டாண்டை ஊன்றி, காதை மூடிச் சால்வையைக் கட்டி, தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பேன். அவள் காருக்குள் இருந்து ரோல்ஸ் சாப்பிடுவாள், வாடிக்கையாளரோடு போனில் கதைப்பாள். வெளிச்சம் ஒருமாதிரிச் சாய்ந்து வரும்போது மட்டும் இறங்கி வருவாள்.

"அக்கா, உதிலை கொஞ்சம் நில்லுங்கோ. நீங்கள் உங்கட பாட்டிலை பாத்துக்கொண்டு நில்லுங்கோ. நான் கெதியா எடுத்திடுவன்."

முதல் தடவை ஏன் என்று கேட்டேன்.

"வெறும் நிலத்திலை ஆளின்ர உயரம் தெரியாது அக்கா. வெயில் முகத்திலை எந்தப் பக்கம் விழுது எண்டும் தெரியாது. நீங்கள் நிண்டால் எல்லாம் அளவாய் வரும். பேந்து உங்களை எடுத்துப்போட்டு அந்த இடத்திலை பொம்பிளையை வைப்பன்."

அன்றைக்குச் சிரித்தேன். போகப் போகச் சிரிப்புக் குறைந்தது. வுப்பர்டாலிலும் கொலோனிலும் சுவர்களில் நிற்கிற பொம்பிளைகள் எல்லாரும் நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்கள் கூறையும் நகையுமாக நிற்கும் அதே புல்லில் நான் கணவரின் பழைய மழைக்கோட்டோடு, மூக்கால் தண்ணீர் வழிய நின்றிருக்கிறேன். அவர்கள் வந்ததும் நான் துடைத்து எடுக்கப்பட்டேன். இதைக் கணவரிடம் சொன்னபோது அவர், "நீர் அதுக்குச் சம்பளம் கேக்க வேண்டியதுதானே," என்று பகிடி பண்ணினார். எனக்குப் பகிடியாக இல்லை.

என்னிடம் நல்ல படங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஒரு லீவுக்குக் கணவரும் நானும் சாக்சன் மாநிலத்தில் எல்பெ ஆற்றின் மேலே இருக்கும் மணற்கல் மலைகளுக்குப் போனோம். விடியும் முன்பே ஏறி, பாறை விளிம்பில் குந்தியிருப்பேன். பல நாள் மூடுபனி எல்லாவற்றையும் மூடியிருந்தது, அல்லது சுத்தமாக இல்லாமல் இருந்தது. கடைசி நாளில்தான் பனி பள்ளத்தில் இறங்கிப் படுத்தது. மேலே பாறைத் தலைகள் மட்டும் தெரிந்தன. ஒன்றன்பின் ஒன்றாக வெயில் அவற்றைத் தொட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். ஒரு பறவைகூடக் குறுக்கே வரவில்லை.

ஒரு பிறந்தநாள் வீட்டில் அதைப் போனில் திறந்து என் மச்சாளுக்குக் காட்டினேன். அவள் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடினாள்.

"ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லை?"

"மலைதான் படம்."

"அது சரி. ஆனால் அவ்வளவு தூரம் போனனீங்கள், ஒரு ஓரத்திலையாவது நிண்டிருக்கலாம். போனதுக்கு ஒரு அத்தாட்சி வேண்டாமே?"

வட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அதே பின்னேரம் தோழி ஒரு புதுத் தம்பதியின் படத்தைப் போட்டாள். பின்னால் என்னுடைய மேட்டுநிலம். இதயங்களும் பூக்களும் வந்து குவிந்தன. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் வெட்டப் போனேன். வெங்காயம் வெட்டினால் அழுவதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஊர்ச் சுவர்கள் ஊராருடையவை. ஆனால் மகளின் சுவர் வேறு.

மகளுக்குப் பீலெஃபெல்டில் வேலை கிடைத்து, தனக்கென்று ஒரு அடுக்குமாடி வோனுங் வாடகைக்கு எடுத்தாள். இரண்டு அறை, ஒரு சிறிய பல்கணி. சோபாவுக்கு மேலே பெரிய வெள்ளைச் சுவர். போனில் வீடியோவாகக் காட்டியபோது அந்தச் சுவரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, "இதிலை ஒரு பெரிய படம் போடப் போறன் அம்மா. ஐஃபல் படம் ஒண்டு," என்றாள்.

எனக்கு உள்ளே குளிர்ந்தது. எந்தப் படம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா படமெடுக்கிறவள், மகள் சுவருக்குப் படம் வேண்டுமென்கிறாள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? வேலை முடிந்து வந்து பின்னேரம் முழுக்கப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் ஒரு மார்கழிப் படத்தை எடுத்தேன். உறைபனி பிடித்த புல், நடுவே இலையுதிர்ந்த ஒற்றை மரம், மற்றதெல்லாம் வெண்மை. பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, துவாயால் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். பால் காய்ச்சப் போகும் நாளில் கொடுக்கலாம் என்று எண்ணம். அந்தச் சுவரில் என் படம் ஏறினால் போதும், வுப்பர்டால் முழுக்க அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை மான் பார்க்கப் போனோம். கொலோன் தாண்டியதும் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாதாரணமாகச் சொன்னாள்.

"அக்கா, உங்கட மகள் எனக்குப் போன் எடுத்தவ. வீட்டுக்கு ஐஃபல் படம் ஒண்டு கேட்டவ. பெரிசாய் அடிக்கக் குடுத்திட்டன்."

"ஓமோ," என்றேன்.

எந்தப் படம் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என் வயிற்றில் பிறந்தவள், என் கமராவை நன்றாக அறிந்தவள், அடுத்த வீட்டில் போய்ப் படம் கேட்டிருக்கிறாள். சோறு தீத்திய கைக்கு இதுதான் மரியாதையா? யாருடைய பொம்பிளையை வெட்டி எடுத்துவிட்டு என் பிள்ளையின் சுவருக்குக் கொடுக்கப் போகிறாளோ?

"ஏன் அக்கா கதைக்கிறியள் இல்லை?"

"ஒண்டுமில்லை. தலையிடி."

மேட்டில் புல் எல்லாம் பழுத்துக் கிடந்தது. எங்களைப் போலப் பலர் நீண்ட லென்சுகளோடு வந்து நின்றார்கள். வெயில் சாய்ந்தது. அவள் வழமை போல இறங்கி வந்தாள்.

"அக்கா, உதிலை கொஞ்சம்..."

"இண்டைக்கு ஏலாது. கால் நோகுது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைத்தடியோடு நடந்து வந்த ஒரு வயதான ஜெர்மன்காரரிடம் போய் ஏதோ சிரித்துக் கதைத்தாள். மனிதருக்குச் சந்தோஷம். தொப்பியைக் கழற்றித் தலைமயிரைத் தடவிவிட்டு, நான் வழமையாக நிற்கும் இடத்தில் போய் நிமிர்ந்து நின்றார். எங்கே பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்டார். அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து எறியப்படுவதற்காக நிற்கிற அந்த மனிதரைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. இந்த வருத்தத்துக்கு எந்த வைத்தியரும் மருந்து தரமாட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு மான்கள் கத்தின, நான் ஒன்றையும் எடுக்கவில்லை.

பால் காய்ச்சும் நாளுக்குக் கணவர் லீவு எடுத்திருந்தார். என் மார்கழிப் படத்தைத் துவாயோடு டிக்கியில் வைத்தேன். கடைசி நேரத்திலாவது ஏதாவது நடக்கலாம். அச்சடித்தவர்கள் பிழைவிட்டிருக்கலாம், அளவு கூடியிருக்கலாம். அப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு பீலெஃபெல்ட் வரை போனேன்.

தோழி எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். சுவரோரம் காகிதம் சுற்றிய பெரிய சட்டம் சாய்ந்து நின்றது. மகள் மின்னடுப்பில் புதுப் பானையை வைத்தாள். பால் பொங்கி வழிந்தது, கணவர் தேவாரம் ஒன்றைப் பாதியில் மறந்து முணுமுணுத்தார். நான் சட்டத்தைப் பார்க்காமல் இருப்பதிலேயே கவனமாக இருந்தேன். பால் குவளையை வாங்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டேன்.

"அம்மா, முதல் இதைப் பாருங்கோ," என்று மகள் தன் போனை நீட்டினாள்.

அவளுடைய சிநேகிதியின் கல்யாண அல்பத்தில் ஒரு பக்கம். சிநேகிதி கூறையில் நிற்கிறாள், சுற்றிலும் கின்ஸ்டர் மஞ்சள், பின்னால் கன்னங்கரிய மழைமேகம். வழமையான படம்தான்.

"கீழை பாருங்கோ. நிழலை."

பார்த்தேன். பொம்பிளையின் காலடியிலிருந்து நீண்ட நிழல் புல்லின் மேல் விழுந்திருந்தது. அந்த நிழலுக்குக் கூறை இல்லை, கொண்டை இல்லை. தலையில் இழுத்துவிட்ட தொப்பி, முதுகில் பை மூட்டை, பக்கத்தில் மூன்று கால்கள்.

"அவையின்ர வீட்டிலை அல்பம் பாக்கேக்கை கண்டனான். ஒருத்தரும் கவனிக்கேல்லை. எனக்குத் தெரியாதே அம்மா? லீவுக்கு வந்து நிண்ட எத்தினை சனிக்கிழமை ஜன்னலாலை பாத்திருப்பன், நீங்கள் உப்பிடி மூட்டையைக் கட்டிக்கொண்டு போறதை."

என் தோழி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "ஐயோ அக்கா. அந்த மாதம் ஒரே கல்யாணம், நித்திரை இல்லை. பொம்பிளைக்கும் ஒரு நிழல் வேணும்தானே எண்டு உங்கட நிழலை அழிக்காமல் விட்டனான். ஸ்டாண்டைக் கவனிக்கேல்லை."

"அதுதான் நான் இவவுக்குப் போன் எடுத்தனான்," என்றாள் மகள். "உங்களை அழிக்காத படம் இருக்கோ எண்டு கேக்க."

காகிதத்தைக் கிழித்தார்கள். அதே மேடு, அதே மஞ்சள், அதே கரிய மேகம். பொம்பிளை இல்லை. அவள் இடத்தில் பக்கவாட்டில் திரும்பி நான் நிற்கிறேன். கணவரின் மழைக்கோட்டு, சால்வை, தொப்பி. முகம் முழுக்க வெயில். காட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், மான் வருமென்று. என் முதுகுக்குப் பின்னால் வானம் பாதி கறுத்து, புதர் ஒவ்வொன்றும் அந்தக் கறுப்பின் முன்னால் எரிகிறது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் வாழ்நாளில் பிடித்ததில்லை. அன்று அந்த மேட்டில் நின்றும் அதைக் காணவில்லை.

பிழை தேடினேன். அடிவானம் சரிந்திருக்கிறதா, முகம் கலங்கியிருக்கிறதா, ஓரத்தில் ஏதாவது வெட்டுப்பட்டிருக்கிறதா. ஒன்றும் கிடைக்கவில்லை.

"எனக்குப் பின்னாலை இவ்வளவு நடந்திருக்கு. ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை நீர்?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

"சொன்னால் திரும்பியிருப்பியள் அக்கா," என்றாள். "பேந்து நான் எதை எடுக்கிறது?"

அவளுடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதோடு, நானாக இருந்தால் அந்தக் கிழட்டுக் கோட்டுக்காரி கடந்து போகட்டும் என்று காத்திருந்திருப்பேன். வெளிச்சமும் போயிருக்கும். வயிறு அப்போதும் எரிந்தது. அது நிற்கவில்லை, இன்றைக்கும் நிற்கவில்லை.

மகளும் அவளும் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் அறையின் மறுகோடியில் போய் நின்று பார்த்தேன். "இடப்பக்கம் கொஞ்சம் தூக்குங்கோ. இன்னும் கொஞ்சம். காணும், விடுங்கோ," என்றேன். படம் நேராகத் தொங்கியது.

கணவர் என் காதருகே குனிந்தார். "டிக்கியிலை இருக்கிறதை எடுத்துக்கொண்டு வரட்டோ? அங்காலை அறையிலையும் ஒரு சுவர் இருக்குதாம்."

"வேண்டாம்," என்றேன். "அதிலை ஆக்கள் ஒருத்தரும் இல்லை."